ஒரே பாடம், நாற்பது நினைவுகள்

1796ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் டேவிட் கின்னப்ரூக் என்ற உதவியாளர் வேலையை இழந்தார். அவர் எதையும் திருடவில்லை. வேலைக்கு மட்டம் போடவும் இல்லை. தொலைநோக்கிக்குள் கட்டப்பட்டிருக்கும் மெல்லிய கம்பியை ஒரு விண்மீன் எந்தக் கணத்தில் கடக்கிறது என்று குறிப்பது அவருடைய வேலை. கடிகாரத்தின் ஒலியைக் காதால் எண்ணிக்கொண்டே கண்ணால் விண்மீனைப் பார்த்து, விநாடியின் பத்தில் ஒரு பங்குவரை சொல்ல வேண்டும். அவர் குறித்த நேரம், தலைமை வானியலாளர் நெவில் மாஸ்கலின் குறித்த நேரத்தைவிட முதலில் அரை விநாடி பிந்தியிருந்தது. எச்சரித்த பிறகும் குறையவில்லை. மாறாக, 0.8 விநாடியாகக் கூடியது. இவர் சரிப்பட்டு வரமாட்டார் என்று அனுப்பிவிட்டார்கள்.

கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மாஸ்கலின் இதைத் தம் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து ஜெர்மானிய வானியலாளர் பிரெட்ரிக் பெசல் அதைப் படித்தார். அவருக்கு ஓர் ஐயம் வந்தது. பிழை உதவியாளருடையதுதானா? 1820களில் அவர் தம்மையும் பிற தேர்ந்த வானியலாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒருவர் கணக்கு இன்னொருவர் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. ஒரு விநாடிக்கு மேல் வேறுபட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரும் கவனக்குறைவானவர்கள் அல்லர். ஒரே நிகழ்வைக் கண்டு அதற்குத் துலங்கல் காட்ட ஒவ்வொரு மனத்துக்கும் ஒவ்வோர் அளவு நேரம் ஆகிறது. இந்த வேறுபாட்டுக்கு வானியலாளர்கள் 'தனியாள் சமன்பாடு' என்று பெயரிட்டார்கள்.

பி.எட். படித்தபோது உளவியலின் வரலாறு 1879இல் லைப்சிக் நகரில் வுண்ட் தொடங்கிய ஆய்வகத்திலிருந்து ஆரம்பிப்பதாகப் படித்தோம். கின்னப்ரூக் நம் பாடநூலில் இல்லை. இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஏனென்றால் 'உடனே பதில் சொல்லாதவன் கவனிக்கவில்லை' என்ற தீர்ப்பு நம் வகுப்பறைகளில் நாள்தோறும் வழங்கப்படுகிறது. அந்தத் தீர்ப்பு எப்போது சரி, எப்போது தவறு என்பதை அறிதல் உளவியல் ஓரளவு தெளிவாகவே சொல்கிறது.

துலங்கலுக்கு முன் நடப்பவை

1868இல் டச்சு நாட்டு உடலியல் அறிஞர் டான்டர்ஸ் ஓர் எளிய சோதனை செய்தார். 'கி' என்ற ஒலிதான் வரும் என்று முன்பே தெரிந்திருக்கும்போது, அதைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். அடுத்து, க, கெ, கி, கொ, கு ஆகியவற்றில் எது வேண்டுமானாலும் வரலாம், வந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று மாற்றினார். நேரம் கூடியது. கூடியது விநாடியின் சிறு பகுதிதான். ஆனால் அந்தச் சிறு பகுதிக்குள்தான் 'எது வந்தது?', 'எதைச் சொல்ல வேண்டும்?' என்ற இரண்டு வேலைகளை மனம் செய்து முடித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிந்தனையைக் கடிகாரத்தால் அளக்கலாம் என்று காட்டிய முதல் சோதனைகளுள் இதுவும் ஒன்று.

இதை வகுப்புக்குக் கொண்டுவருவோம். 'நீரின் கொதிநிலை என்ன?' என்று கேட்டால் பதில் ஒரே எட்டில் வருகிறது. 'குக்கரில் சாதம் ஏன் சீக்கிரம் வேகிறது?' என்று கேட்டால் மாணவர் குக்கரை நினைக்க வேண்டும். உள்ளே அழுத்தம் கூடுவதை நினைக்க வேண்டும். அழுத்தம் கூடினால் கொதிநிலை என்னவாகும் என்பதைத் தேடி எடுக்க வேண்டும். பிறகு அதை வாக்கியமாக்க வேண்டும். நான் பணியாற்றும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லைப் பகுதியில் இன்னும் ஓர் எட்டு கூடும். பல குழந்தைகளுக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். விடை தெரிந்த பிறகும் அதைத் தமிழில், அதுவும் பாடநூல் தமிழில் சொல்லத் தேடுவார்கள். வீட்டில் தமிழே பேசும் குழந்தைக்கும் 'சோறு வெந்துருச்சு' என்பதிலிருந்து 'உணவு விரைவாக வேகிறது' என்பதற்கு வர ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் நாம் எவ்வளவு நேரம் தருகிறோம்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் தொடக்கப் பள்ளி வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து, 1974இல் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திரும்பக் கேட்டார், அல்லது அடுத்த பிள்ளையிடம் போனார். கடைசி நிலையில் இருப்பவர்கள் என்று ஆசிரியர் கருதிய பிள்ளைகளுக்குக் கிடைத்த நேரம் இன்னும் குறைவு. யாருக்கு அதிக நேரம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைத்திருக்கிறது. காத்திருப்பை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. பதிலே சொல்லாமல் நிற்பது குறைந்தது. 'மெதுவானவர்கள்' என்று கருதப்பட்டவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

மூன்று விநாடி சிறிதுதான். ஆனால் வகுப்பின் முன் நின்றுகொண்டு மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணிப் பாருங்கள். அமைதி நம்மை எப்படி நெருக்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். முன் வரிசையில் உயர்ந்து நிற்கும் நாலு கைகள் வேறு நம் பொறுமையைச் சோதிக்கும். கேள்வி கேட்டதும் 'யாரும் கை தூக்க வேண்டாம், எல்லாரும் யோசிங்க, நான் பேர் சொல்லிக் கேக்கிறேன்' என்று சொல்லிவிடுவது எனக்குப் பயன்படுகிறது.

வேகமே திறமை என்று நினைப்பவர்களுக்காக ஒரு சிறு செயல்பாடு. 1935இல் ஸ்ட்ரூப் என்பவர் செய்து காட்டியது இது. ஒரு அட்டையில் 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை ஸ்கெட்ச் பேனாவாலும், 'நீலம்' என்ற சொல்லைச் சிவப்பாலும், இப்படியே பத்துப் பன்னிரண்டு சொற்களை மாற்றி மாற்றி எழுதுங்கள். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். சரளமாகப் படிப்பவர்கள் திணறுவார்கள். படிப்பு அவர்களைக் கேட்காமலே நடந்துவிடுகிறது. அதை அடக்கிவிட்டு நிறத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தடை குறைவு. ஏழாம் வகுப்பில் இதைச் செய்தபோது, வாசிப்பில் பின்தங்கிய ஒரு மாணவர் வகுப்புத் தலைவரைவிட வேகமாகச் சொல்லி முடித்தார். வகுப்பே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். துலங்கலின் வேகம் ஆளைப் பொறுத்தது மட்டும் அன்று. கேட்கப்படும் வேலையும், அந்த வேலைக்கு முன்பே மனத்தில் பதிந்திருப்பதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

கைக்கு அடங்குவது எத்தனை?

ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரை நம்மில் பலருக்கும் பி.எட். நாள்களிலிருந்தே பழக்கம். குறுகிய கால நினைவில் ஒரே நேரத்தில் நிற்பவை ஏழு, இரண்டு கூடலாம், குறையலாம். பின்னர் 1974இல் பேட்லியும் ஹிட்ச்சும் இந்தக் குறுகிய கால நினைவு வெறும் சேமிப்பு அறை அன்று, வேலை நடக்கும் மேசை என்றார்கள். இதைச் செயல் நினைவு என்கிறோம். மனக்கணக்கில் இலக்கத்தை 'மீதி வைத்துக்கொள்வது', வாக்கியத்தின் முடிவுக்கு வரும்வரை தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது எல்லாம் இந்த மேசையில்தான். 2001இல் நெல்சன் கோவன், உண்மையில் இடம் ஏழுக்குக்கூட இல்லை, சுமார் நாலுக்குத்தான் என்று வாதிட்டார்.

எண் ஏழோ நாலோ, நமக்கு முக்கியம் 'எவை' என்பதுதான். 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ப, ள், ளி, க், கூ, ட, ம். ஏழு எழுத்துகள். நமக்கு அது ஒரே பொருள். மேசையில் ஓர் இடம் போதும். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அது ஏழு பொருள்கள். 'ம்' வந்து சேரும்போது 'ப' கீழே விழுந்திருக்கும். 'என் பள்ளிக்கூடம் ஆற்றங்கரையில் இருக்கிறது' என்ற வாக்கியத்தை முழுதாக வாய்விட்டுப் படித்துவிட்டு, 'பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?' என்ற கேள்விக்கு விழிக்கிறதே அந்தப் பிள்ளை, அது பாடத்தைக் கவனிக்காததால் அன்று. மேசை முழுவதும் எழுத்துகளே நிரம்பியிருந்தன. பொருளுக்கு இடமே இல்லை. தொடக்க வகுப்புகளில் சரளமான வாசிப்புக்கு நாம் ஏன் இவ்வளவு பாடுபடுகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. எழுத்தறிதல் தானாக நடக்கத் தொடங்கினால்தான் மேசை காலியாகும்.

பிறவியிலேயே இந்த மேசையின் அளவு எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லிவிடவும் முடியாது. இங்கிலாந்தில் சூசன் கேதர்கோலும் டிரேசி அலோவேயும் குழந்தைகளின் செயல் நினைவை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். ஏழெட்டு வயதுக் குழந்தைகள் முப்பது பேர் உள்ள வகுப்பில், குறைந்தது மூன்று பேருக்கு நாலு வயதுக் குழந்தையின் சராசரி அளவும், வேறு மூன்று பேருக்குப் பதினொரு வயதுக் குழந்தையின் சராசரி அளவும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம் என்கிறார்கள். ஒரே பெஞ்சில் நாலு வயதும் பதினொரு வயதும்! குறைந்த அளவுள்ள குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்கள் 'நினைவாற்றல் குறைவு' என்று சொல்வது அரிது. 'கவனம் இல்லை, சொன்னதைக் கேட்பதில்லை' என்றுதான் சொல்கிறார்களாம்.

'கணக்கு நோட்டை எடு, நேத்துப் போட்டதுக்குக் கீழே ஒரு கோடு போடு, இன்னைக்குத் தேதி எழுது, 62ஆம் பக்கத்துல மூணாவது கணக்கைப் போடு' என்று ஒரே மூச்சில் சொன்னால் அந்தப் பிள்ளை நோட்டை எடுத்துக் கோடு போடும். பிறகு பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்க்கும். 'என்னடா எட்டிப் பாக்கிற?' என்று நமக்குக் கோபம் வரும். காப்பி அடிக்கப் பார்க்கவில்லை, அடுத்து என்ன செய்வது என்று பார்க்கிறது. இதற்கு மருந்து எளிது. கட்டளைகளைப் பிரித்துச் சொல்லலாம், கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடலாம். மனத்தில் தாங்க வேண்டியதைப் பலகை தாங்கிக்கொள்ளும்.

அச்சமும் இந்த மேசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கணக்கைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்குக் கணக்குப் போடும்போது செயல் நினைவு சுருங்குகிறது என்று 2001இல் ஆஷ்கிராஃப்டும் கிர்க்கும் காட்டினார்கள். வீட்டில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தடங்கலின்றிச் சொன்ன பிள்ளை, நம் எதிரில் எழுந்து நின்றதும் 'ஏழேழு...' என்று நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம்.

சதாவதானியும் சதுரங்கமும்

மேசை இவ்வளவு சிறிது என்றால், நினைவில் வியக்கத்தக்க செயல்கள் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள்? பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் படித்திருப்போம். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த அவர், 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் கவனத்தில் கொண்டு விடையளித்தார். அவதானத்தில் என்னவெல்லாம் கேட்பார்கள்? கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாட வேண்டும். இடையில் ஒலித்த மணியை எண்ணியிருக்க வேண்டும். முதுகில் விழும் பொருள்களை எண்ண வேண்டும். கணக்குக்கு விடை சொல்ல வேண்டும்.

இதைப் 'பிறவி வரம்' என்று சொல்லி நகர்ந்துவிடுவது நம் வழக்கம். வேறு விதமாகப் பார்க்க உதவும் இரண்டு ஆய்வுகள் உண்டு. 1973இல் சேஸும் சைமனும் சதுரங்க விளையாட்டின் ஒரு நிலையை ஐந்து விநாடி மட்டும் காட்டி, மறைத்துவிட்டு, காய்களை அதேபோல் அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் நாலைந்தோடு நின்றார். அடுத்து, காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டினார்கள். தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவருக்கு வாய்த்தது பெரிய மேசை அன்று. பல்லாயிரம் ஆட்டங்களில் பழகிய அமைப்புகள் அவருக்கு ஒவ்வொன்றும் ஒரு சொல் மாதிரி. நமக்குப் 'பள்ளிக்கூடம்' போல. எடுத்ததற்கெல்லாம் 'சதுரங்கம் ஆடினால் ஞாபக சக்தி வளரும்' என்று சொல்வோர் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது ஆய்வு இன்னும் சுவையானது. 1980இல் எரிக்சன், சேஸ், ஃபலூன் மூவரும் சாதாரண நினைவாற்றல் கொண்ட ஒரு கல்லூரி மாணவருக்கு எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, திரும்பச் சொல்லப் பழக்கினார்கள். தொடக்கத்தில் ஏழு எண்கள். சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு 79 எண்கள்! அவர் ஓட்டப்பந்தய வீரர். 3, 4, 9, 2 என்று வந்தால் அதை ஒரு மைல் ஓடிய நேரமாக, 3 நிமிடம் 49.2 விநாடியாக மாற்றிக்கொள்வார். அவரிடம் எண்களுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னபோது? ஆறோடு நின்றுவிட்டார். மேசை வளரவே இல்லை. மேசையில் வைக்கும் பொருள்களைக் கட்டும் முறைதான் வளர்ந்திருந்தது. யாப்பு கைவந்த ஒருவருக்கு வெண்பாவின் தளையும் எதுகையும் அப்படிப்பட்ட கட்டுகள்தாம். நம் பழைய இலக்கியத்தில் அந்தாதி என்ற அமைப்பு ஏன் வந்தது என்பதும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது.

தெரிந்தது தெரியாததை இழுக்கும்

மேசையைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், வகுப்பறையில் காணும் பெரிய வேறுபாடுகள் நீண்ட கால நினைவிலிருந்தே வருகின்றன என்பதுதான் என் கணிப்பு. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் சிறந்தவர், பின்தங்கியவர், பேஸ்பால் நன்கு தெரிந்தவர், தெரியாதவர் என்று நாலு குழுக்கள். படித்ததை எடுத்துரைப்பதில், வாசிப்பில் பின்தங்கி ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள், வாசிப்பில் சிறந்தும் ஆட்டம் தெரியாதவர்களை எளிதாக முந்தினார்கள்.

இதை நம் ஊரில் கபடியை வைத்துச் செய்து பார்க்கலாம். 'ரெய்டு போனவன் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கார்னரில் மாட்டினான்' என்ற வாக்கியத்தைக் கபடி ஆடும் பிள்ளை ஒரு படமாகப் பார்க்கும். ஆடாத ஆசிரியர் இரண்டு முறை படிப்பார். 'மெல்ல மலரும் மாணவர்' பட்டியலில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு, அந்தப் பட்டியலைத் தயாரிக்கப் பயன்பட்ட வினாத்தாளுக்கு வெளியே எவ்வளவு தெரியும் என்று நாம் பார்த்தோமா? மாடு கன்று போடும் நாளைக் கணக்கிட்டுச் சொல்லும் பிள்ளை, தக்காளிப் பெட்டிக்குக் கமிஷன் கழித்து விலை சொல்லும் பிள்ளை, நினைவாற்றல் இல்லாத பிள்ளையாக இருக்க முடியாது. புதுப் பாடம் தொற்றிக்கொள்ள அந்தப் பிள்ளையிடம் எது ஏற்கெனவே இருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

முன்னறிவு உதவுவதோடு நில்லாமல் நினைவை வளைக்கவும் செய்யும். கேம்பிரிட்ஜில் பிரெட்ரிக் பார்ட்லெட் வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஒரு கதையை இங்கிலாந்து மாணவர்களுக்குக் கொடுத்து, பல நாள் இடைவெளிகளில் திரும்பச் சொல்லச் சொன்னார். 1932இல் நூலாக வந்த அந்த ஆய்வில் கதை மெல்ல மெல்ல ஆங்கிலக் கதையாக மாறிப்போனது. மரத்தோணி வெறும் படகானது. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலானது. புரியாத பகுதிகள் உதிர்ந்தன, அல்லது புரியும்படி திருத்தப்பட்டன. யாரும் பொய் சொல்லவில்லை. நினைவு என்பது எடுத்துவைத்த பொருளை அப்படியே எடுத்துத் தருவதன்று. ஒவ்வொரு முறையும் கிடைத்த துண்டுகளைக் கொண்டு மறுபடி கட்டுவது.

ஒளிச்சேர்க்கை நடத்தி இரண்டு வாரம் கழித்து விடைத்தாள் திருத்தினால் இது அப்படியே தெரியும். 'தாவரம் வேரின் மூலம் மண்ணிலிருந்து உணவை எடுத்துக்கொள்கிறது' என்று எழுதியிருப்பார்கள். இலை தன் உணவைத் தானே தயாரிக்கிறது என்று பாடத்தின்போது சரியாகச் சொன்ன பிள்ளைகள்தாம் அவர்கள். உரம் வைப்பதையும் தண்ணீர் பாய்ச்சுவதையும் நாள்தோறும் பார்க்கும் வீட்டில், 'செடிக்குச் சாப்பாடு மண்ணிலிருந்து' என்பது வலுவான முன்னறிவு. பாடம் உதிர்ந்துபோன இடத்தை அது நிரப்பிவிட்டது. சிவப்பு மையால் அடித்துவிட்டு சரியான விடையை மறுபடி எழுதச் சொல்வதால் அந்த முன்னறிவு அசையாது. 'உரம் உணவு இல்லையென்றால் எதற்கு வைக்கிறோம்?' என்ற கேள்வியை அவர்களே எழுப்பி விவாதிக்கும் வரை மண் வென்றுகொண்டேதான் இருக்கும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'சிலர் பார்த்துக் கற்பவர், சிலர் கேட்டுக் கற்பவர், சிலர் செய்து கற்பவர். அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள்' என்று பயிற்சிகளில் அடிக்கடி கேட்கிறோம். கேட்கவும் நியாயமாக இருக்கிறது. ஆனால் 2008இல் பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியோர்க் நால்வரும் இருக்கும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அப்படிப் பாணிக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். படம், பேச்சு, செயல் மூன்றும் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். எது என்பதைப் பாடம்தான் சொல்லும். இதயத்தின் அறைகளைக் கேட்டு மட்டும் கற்கவும் முடியாது, ஒரு பாட்டின் இசையைப் பார்த்து மட்டும் கற்கவும் முடியாது.

மறத்தலும் மீட்டுக்கொணர்தலும்

எபிங்ஹாஸின் மறதிக்கோடு, பி.எட். தேர்வில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கித் தந்த பகுதி. 1885இல் அவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம்மையே சோதித்தார். இருபது நிமிடத்தில் 58 விழுக்காடு, ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21 என்று கோடு இறங்கும். வழிகாட்டி நூல்கள் சில இதை 'இவ்வளவு நினைவில் இருந்தது' என்று அச்சிட்டிருக்கின்றன. எபிங்ஹாஸ் அளந்தது அதை அன்று. மறந்ததை மீண்டும் கற்கும்போது எவ்வளவு முயற்சி மிச்சமாகிறது என்பதை அளந்தார். ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு முயற்சி மிச்சம், அதுவும் பொருளே இல்லாத அசைகளுக்கு! 'போன வருஷம் நடத்தினது ஒண்ணுமே ஞாபகம் இல்லை' என்று பிள்ளைகள் சொல்லும்போது அந்த 'ஒண்ணுமே' உண்மையில்லை. இரண்டாம் முறை கற்பது பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதில்லை.

மறதியைத் தடுக்க நாம் பெரும்பாலும் கையாள்வது திரும்பப் படிக்க வைப்பது. 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியை இரண்டு முறை படித்தது. மற்றொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவிருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. திரும்பப் படித்தல் 'எனக்குத் தெரியும்' என்ற உணர்வைத் தருகிறது. மீட்டுக்கொணரும் முயற்சியே நினைவை உறுதியாக்குகிறது. தேர்வன்று காலை மரத்தடியில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளை அந்த ஐந்து நிமிடக் குழுவைச் சேர்ந்தது. முழு ஆண்டுத் தேர்வுக்கு உதவப்போவது அடுத்த வாரக் குழு.

நம் மூதாதையர் இதை ஒரு வகையில் அறிந்திருந்தார்கள். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை நாள்தோறும் சுவடி பாராமல் ஒப்பிக்க வேண்டும். அங்கே பொருள் புரிதல் பின்தங்கியது என்ற குறை நியாயமானதே. ஆனால் 'பாராமல் சொல்' என்ற பகுதியைச் சேர்த்துக் குப்பையில் போட்டது நமக்கு இழப்பு.

கேள்வியே நினைவை மாற்றும்

கற்பித்தலுக்கு வெளியேயும் நாம் பிள்ளைகளின் நினைவைக் கேட்டு முடிவெடுக்கிறோம். மைதானத்தில் சண்டை, காணாமல் போன ஜியாமெட்ரி பாக்ஸ். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்கள் 45 பேருக்குக் கார் விபத்துக் காட்சிகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்கள். 'ஒன்றையொன்று தொட்டபோது' என்ற பொருள்படக் கேட்டால் மணிக்குச் சுமார் 32 மைல். 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்டால் சுமார் 41 மைல். இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' என்று கேட்டார்கள். காட்சியில் கண்ணாடி உடையவே இல்லை. 'நொறுங்கியபோது' என்ற சொல்லைக் கேட்டவர்களில் 50 பேருக்கு 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். மென்மையான சொல்லைக் கேட்டவர்களில் 50 பேருக்கு 7 பேர்.

'அவன் உன்னை எதுக்குடா தள்ளினான்?' என்று நாம் கேட்டுவிட்டால், தள்ளினான் என்பது அந்தப் பிள்ளையின் நினைவில் நாம் வைத்ததாகிவிடும். 'என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு' என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சாட்சி சொல்ல வந்த நாலு பேரை ஒன்றாக நிற்க வைத்துக் கேட்பதும் கூடாது. ஒருவர் சொல்வது மற்றவர் நினைவில் கலந்துவிடும். ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த தீங்கைப் பற்றிச் சொல்ல வரும் நேரத்தில் இது இன்னும் முக்கியம். நாம் சொற்களை எடுத்துக் கொடுக்காமல், குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைத்து, உரியவர்களிடம் சேர்க்க வேண்டும்.

நான் இப்போது செய்வது இதுதான். ஒவ்வொரு பாடத்திலிருந்தும் ஐந்து கேள்விகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, பாடவேளையின் முதல் நாலு நிமிடத்தில் புத்தகம் மூடியிருக்கக் கேட்கிறேன். மதிப்பெண் கிடையாது, பிள்ளைகளே திருத்திக்கொள்வார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் புதுப் பாடம் தொடங்குவதில்லை, அந்தக் குறிப்பேட்டின் மார்கழிப் பக்கங்கள்தாம். முதல் கேள்விக்கு வகுப்பு விழிக்கும். இரண்டாவதற்கு யாராவது ஒருவர் பாதி சொல்வார், மீதியை இன்னொருவர் முடிப்பார். நாலாவது கேள்விக்கு வரும்போது கடைசி பெஞ்சிலிருந்தும் குரல் வரத் தொடங்கியிருக்கும்.